கொஜிரா: வெட்டுண்ட கண்ணீர்

வீட்டிலமர்ந்து திரைப்படம் காணும் வழக்கம் ஆலங்குடிப் பக்கத்தில் பரவியது 1980களின் பிற்பாதியில். அந்நாளில் அதற்கு 'டெக்' என்று பெயர். தொலைக்காட்சிப் பெட்டியையும் டெக்கையும் ஓரிரவு வாடகைக்கு எடுத்து வந்து, பங்குத் திருவிழாவின் மறுநாளோ, ஒரு வீட்டின் காதுகுத்து விழாவிலோ, தெருவே கூடியிருக்க விடிய விடிய மூன்று படங்கள் போடுவார்கள். முதற்படம் பெரியவர்களுக்காக, இரண்டாவது இளைஞர்களுக்காக. மூன்றாவதாக, கடைக்காரர் கொசுறாகச் சேர்த்துக் கொடுத்த ஏதேனும் ஓர் ஆங்கிலப் படம் விடியற்காலையில் ஓடும். அப்போது விழித்திருப்போர் மிகச் சிலரே. அத்தகைய விடியற்காலை ஒன்றில்தான் நான் காட்ஸில்லாவை முதன்முதலாகக் கண்டேன்.

கறுப்பு வெள்ளைப் படம். பல கைகள் மாறித் தேய்ந்த ஒளிநாடா. திரையின் அடியில் எப்போதும் ஒரு வெள்ளைக் கோடு நடுங்கிக்கொண்டிருந்தது. ஓர் அமெரிக்கச் செய்தியாளர் புகைக்குழாயும் கையுமாக நின்று, டோக்கியோ நகரம் அழிவதைப் பார்த்து விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். பல்லியைப் போன்ற பெரிய உருவமொன்று பொம்மை வீடுகளை மிதித்து நொறுக்கியது. நான் சிரித்தேன். அடுத்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளிடம், "ரப்பர் பொம்மையைக் கண்டு அஞ்சுகிறவர்கள் பாவத்தைக் கண்டு அஞ்சுவதில்லை" என்று சாமர்த்தியமாக ஒரு வாக்கியமும் சொன்னேன். பிள்ளைகளும் சிரித்தார்கள்.

அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்த வகுப்பில் இருந்த மாணவர் ஒருவர் பின்னாளில் சிங்கப்பூரில் வேலைக்குச் சென்றார். 2019ஆம் ஆண்டின் இறுதியில் ஊருக்கு வந்தபோது ஓர் ஒளித்தகட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2012 ஜனவரியில் வெளியிட்ட பதிப்பு அது. அதில் இரண்டு படங்கள் அடங்கியிருந்தன. ஒன்று, 1954 நவம்பர் 3ஆம் நாள் ஜப்பானில் வெளியான 'கொஜிரா'. 96 நிமிடங்கள் ஓடுவது. இன்னொன்று, அதனை வெட்டியும் ஒட்டியும் 1956இல் அமெரிக்காவில் வெளியிட்ட 'காட்ஸில்லா, அசுரர்களின் அரசன்'. இது 80 நிமிடங்கள். நான் விடியற்காலையில் கண்டு சிரித்தது இரண்டாவதை. முதலாவது என்றொன்று இருப்பதையே அறியாமல் முப்பது ஆண்டுகளை ஓட்டியிருக்கிறேன். இதில் எனக்குக் கூட்டாளிகள் ஏராளம். அமெரிக்கத் திரையரங்குகளிலேயே மூலப்படம் பரவலாகக் காட்டப்பட்டது 2004இல்தான். அங்கே அது தகடாகக் கிடைத்தது 2006இல். ஒரு படைப்பு தன் சொந்த முகத்தோடு உலகின் முன் நிற்பதற்கு அரை நூற்றாண்டு ஆயிற்று.

எதை வெட்டினார்கள், எதை ஒட்டினார்கள் என்று பார்க்குமுன், படம் பிறந்த சூழலைச் சற்று நோக்குவோம்.

1954 மார்ச் 1ஆம் நாள், பசிபிக் கடலிலுள்ள பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது. 15 மெகாடன் ஆற்றலோடு, எதிர்பார்த்ததைப் போல் இரண்டரை மடங்காக அது வெடித்தது. தடைசெய்யப்பட்ட எல்லைக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த 'அதிர்ஷ்ட டிராகன்' என்ற ஜப்பானியப் படகின்மேல் வெள்ளைச் சாம்பல் பனிபோல் பொழிந்தது. படகிலிருந்த 23 பேரும் கதிர்வீச்சு நோயோடு கரை திரும்பினர். வானொலிக் கருவியை இயக்கிய அய்கிச்சி குபோயாமா என்பவர் செப்டம்பர் 23ஆம் நாள் இறந்தார். அவருக்கு வயது 40. அவர் இறந்த ஆறு வாரங்களுக்குள் 'கொஜிரா' திரைக்கு வந்தது. கடலில் ஒரு கப்பல், மேல்தளத்தில் ஓய்வாக இசைத்துக்கொண்டிருக்கும் மாலுமிகள், திடீரென்று கண்ணைப் பறிக்கும் ஒளி, தீப்பற்றும் கடல். படம் இப்படித் தொடங்கியபோது, அரங்கிலிருந்தவர்களுக்கு அது கற்பனையாகத் தோன்றியிருக்க முடியாது. மீனவர் துயரத்தைக் காசாக்குகிறார்கள் என்று அந்நாளைய விமரிசகர் சிலர் அங்கே கடிந்து எழுதியதும் உண்டு. அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் தொண்ணூறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் படத்தைக் கண்டனர். வெறும் வேடிக்கைக்காக அத்தனை பேரும் சென்றிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

இயக்குநர் இஷிரோ ஹோண்டா பௌத்தத் துறவி ஒருவரின் மகன். சீனாவில் படைவீரராக இருந்து, போர் முடிந்து 1946இல் நாடு திரும்பும் வழியில் இடிபாடாகக் கிடந்த ஹிரோஷிமாவைக் கடந்து வந்தவர். அந்த மனிதர் எடுத்த படத்தில் எது வெட்டத்தக்கதாக அமெரிக்கர்களுக்குப் பட்டது?

மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, ஒரு தொடர்வண்டிக் காட்சி. வேலைக்குச் செல்வோர் நெருக்கியடித்து நிற்கும் பெட்டியில் ஓர் இளம்பெண் செய்தித்தாளைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறாள்: கதிர்வீச்சு பட்ட சூரை மீன், கதிர்வீச்சு மழை, இப்போது இந்தக் கொஜிரா வேறா? நாகசாகியின் குண்டிலிருந்து தப்பிக் காத்த உயிராயிற்றே இது! ஒரு நிமிடம்கூட நீளாத காட்சி. அவள் அழவில்லை, விலைவாசியைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுகிறாள். ஆனால் படம் முழுவதிலும் குண்டு விழுந்த நகரமொன்றின் பெயர் வாய்விட்டு உச்சரிக்கப்படும் இடம் அதுவே. அமெரிக்கப் பதிப்பில் அந்தப் பெண் இல்லை.

இரண்டாவது, நாடாளுமன்றக் குழுவின் கூட்டம். தொல்லுயிர் ஆய்வாளர் யமானே சான்றுகளை எடுத்துவைத்து, ஹைட்ரஜன் குண்டுச் சோதனைகளே கடலடியில் உறங்கிய விலங்கை எழுப்பிவிட்டன என்கிறார். உடனே ஓர் உறுப்பினர் எழுந்து, இவ்வுண்மையை வெளியிட்டால் வெளிநாட்டு உறவு கெடும், மக்கள் பீதியடைவார்கள், எனவே மறைக்க வேண்டும் என்கிறார். பெண் உறுப்பினர்கள் கொதித்தெழுகிறார்கள். உண்மை உண்மைதான், வெளியே சொல்லத்தான் வேண்டும் என்று மேசைகளைத் தாண்டிக் கேட்கும்படி கத்துகிறார்கள். இது ஹோண்டாவின் வெறுங்கற்பனை அன்று. அதே 1954இல் டோக்கியோவின் சுகினாமி வட்டாரத்து இல்லத்தரசிகள் தொடங்கிய குண்டெதிர்ப்புக் கையெழுத்து இயக்கம் அடுத்த ஆண்டுக்குள் மூன்று கோடிக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டியது. அமெரிக்கப் பதிப்பில் பேராசிரியர் குண்டைப் பற்றிச் சொல்வது உண்டு. மறைக்கலாமா கூடாதா என்ற சண்டை இல்லை.

மூன்றாவது, முடிவு. விலங்கு மடிந்தபின் எல்லாரும் கண்ணீரோடு நிற்க, யமானே தமக்குள் முணுமுணுக்கிறார்: இது ஒன்றுதான் கடைசியாக இருக்கும் என்று தோன்றவில்லை, சோதனைகள் தொடர்ந்தால் உலகின் எங்கேனும் இன்னொன்று எழக்கூடும். அமெரிக்கப் பதிப்பில் இச்சொற்களை நீக்கிவிட்டு, ஆபத்து அகன்றது, உலகம் மீண்டும் விழித்து வாழலாம் என்ற கருத்தைச் செய்தியாளரின் வாயில் வைத்தார்கள். ஒரே கடல், ஒரே கப்பல், அதே முகங்கள். ஒன்றில் எச்சரிக்கை, மற்றொன்றில் நிம்மதி.

வெட்டிய இடங்களை நிரப்பியவர் ரேமண்ட் பர் என்ற நடிகர். நல்ல நடிகர்தான். அவர் நடித்த பகுதிகளைத் தனியே அமெரிக்காவில் எடுத்து, ஜப்பானிய நடிகர்களோடு ஒரே அறையில் நிற்பதுபோல் இணைத்தார்கள். பெரும்பாலான இடங்களில் ஜப்பானியர் தம் மொழியில் பேசுகிறார்கள். அவர் அருகில் நிற்பவரிடம் பொருள் கேட்டு நமக்குச் சொல்கிறார். பக்கத்து வீட்டில் இழவு விழுந்திருக்கும்போது, வாசலில் நின்று வழிப்போக்கருக்கு விவரம் சொல்லும் மனிதரைப்போல் அவர் எனக்கு இப்போது தோன்றுகிறார். அவர் கெட்டவர் அல்லர். ஆனால் அவர் பேசப்பேச உள்ளேயிருந்து வரும் ஒப்பாரி நமக்குக் கேட்பதில்லை.

இந்த முறை கத்தோலிக்க வாசகருக்குப் புதியதன்று. தகாஷி நகாயை நம்மில் பலர் அறிவோம். நாகசாகி மருத்துவக் கல்லூரியில் கதிரியக்க மருத்துவர். நம்பிக்கையில் ஆழ வேரூன்றியவர். 1945 ஆகஸ்ட் 9, முற்பகல் 11 மணி 2 நிமிடத்துக்குக் குண்டு வெடித்தது உராகாமி பகுதியின்மேல். அங்கே தலைமுறை தலைமுறையாக மறைவில் விசுவாசத்தைக் காத்த கத்தோலிக்கர் ஏறக்குறைய 12,000 பேர் வாழ்ந்தனர். அவர்களுள் 8,500 பேர் மாண்டனர். விண்ணேற்பு விழாவுக்காகப் பேராலயத்தில் ஒப்புரவு கேட்டுக்கொண்டிருந்த குருக்களும், காத்திருந்த மக்களும் ஒருசேர அழிந்தனர். நகாய் தம் வீட்டின் சாம்பலில் மனைவியின் எலும்புகளையும், உருகிய செபமாலையையும் கண்டெடுத்தார். அவர் எழுதிய 'நாகசாகியின் மணிகள்' 1946லேயே எழுதி முடிக்கப்பட்டும், ஆக்கிரமிப்பு அதிகாரிகளின் அனுமதி கிடைத்து 1949இல்தான் வெளிவந்தது. அப்போதும் தனியாக அன்று. மணிலாவில் ஜப்பானியப் படையினர் செய்த படுகொலைகளைப் பற்றிய பின்னிணைப்பு ஒன்றோடு சேர்த்தே வெளியிட வேண்டியதாயிற்று. நகாயின் கண்ணீருக்கும் ஒரு விளக்கவுரையாளரைப் பக்கத்தில் நிறுத்திவைத்தார்கள்.

ஹோண்டாவையும் நகாயையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடையது. நகாய் 1945 நவம்பர் 23 அன்று, இடிந்த பேராலயத்தின் முன் நடந்த இரங்கல் திருப்பலியில், உராகாமி மக்களைப் போரின் பாவத்துக்காக இறைவனுக்கு ஒப்புக்கொடுக்கப்பட்ட மாசற்ற எரிபலி என்றார். அவ்வார்த்தை அங்கிருந்தோருக்கு ஆறுதலளித்தது. பின்வந்தோரில் சிலருக்குக் கோபமூட்டியது. குண்டு வீசியவனின் பொறுப்பு அதனால் மறைந்துவிடாதா என்று அவர்கள் கேட்டனர். ஹோண்டாவின் படம் ஆறுதலைத் தேடவில்லை. எரேமியா காட்டும் ராகேலைப் போல அது தேற்றப்பட மறுக்கிறது. தானியேலும் திருவெளிப்பாட்டு நூலும் கடலிலிருந்து எழும் விலங்குகளைக் காட்டுகின்றன. அவை மனிதப் பேரரசுகளின் உருவங்கள். கொஜிராவும் அப்படியே. அதனைப் படைத்தது கடல் அன்று.

இங்கே வாசகர் மகிழத்தக்க ஒரு செய்தி. கொஜிராவின் உருவத்தையும் அது மிதிக்கும் நகரத்தையும் சமைத்த சிறப்புக்காட்சி இயக்குநர் ஏஜி சுபுராயா ஒரு கத்தோலிக்கர். 1970 ஜனவரியில் இறந்த அவர், டோக்கியோவை அடுத்த ஃபுச்சு கத்தோலிக்கக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஆனால் இதனை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. 1942இல் பேர்ல் துறைமுகத் தாக்குதலைப் புகழ்ந்து எடுத்த போர்ப்படத்துக்குப் பொம்மைக் கப்பல்களையும் வானூர்திகளையும் அமைத்தவரும் அவரே. வெற்றிக்காகப் பொம்மைகளைத் தகர்த்த அதே கைகள், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் தம் தலைநகரின் பொம்மையைத் தகர்த்துத் துக்கம் கொண்டாடின. இதனை மனமாற்றம் என்று சொல்ல எனக்கு ஆசைதான். அது அவருக்கும் ஆண்டவருக்கும் இடையிலான செய்தி.

நான் சிரித்த ரப்பர் பொம்மையைப் பற்றியும் கூறவேண்டும். உள்ளே ஒரு மனிதர் இருந்தார்; ஹருவோ நகாஜிமா என்பவர். ஏறக்குறைய நூறு கிலோ எடையுள்ள உடையைச் சுமந்து, விளக்குகளின் வெப்பத்தில் மயங்கி விழுமளவுக்கு நடித்தார். விலங்கின் தோலை ஹிரோஷிமாவில் தப்பியவர்களின் தழும்புகளைப்போல் அமைத்தார்கள் என்று சொல்லப்படுவதுண்டு. தகட்டில் துலங்கும் தெளிவான படத்தில் அந்தத் தோலைப் பார்க்கும்போது அதை மறுக்கத் தோன்றவில்லை. அகிரா இஃபுகுபேயின் இசை, படத்தின் பாதி உயிர். அந்த உறுமல்கூட ஒரு பெரிய தந்திக் கருவியின் நரம்பில் பிசின் தடவிய தோல் கையுறையை இழுத்து, அந்த ஒலியை வேகம் குறைத்து எடுத்ததாம். தேய்ந்த ஒளிநாடாவில் எனக்கு அது வெறும் இரைச்சலாகக் கேட்டது. குறைகளும் இல்லாமலில்லை. தீயணைப்பு வண்டிகள் பொம்மை என்பது குழந்தைக்கும் தெரியும். போர் விமானங்கள் வீசும் ஏவுகணைகள் தீபாவளி வாணத்தைவிட மேலானவை அல்ல. எமிகோ, ஒகாட்டா, செரிசாவா என்னும் மூவரின் காதல் சிக்கல் படத்தின் நடுப்பகுதியை மந்தமாக்குகிறது.

இனி ஓடோ தீவுக்கு வருவோம். படத்தில் கொஜிராவை முதலில் காண்பது டோக்கியோ அன்று. மீன்பிடித்துப் பிழைக்கும் ஒரு சிறு தீவு. கப்பல் நிறுவனத்தின் வாசலில் மாலுமிகளின் குடும்பத்தார் நெருக்கியடித்துச் செய்தி கேட்கும் காட்சியை, நம் மாவட்டத்தின் கோட்டைப்பட்டினத்திலோ ஜெகதாபட்டினத்திலோ வாழ்கிறவர் எவரும் மொழிபெயர்ப்பின்றிப் புரிந்துகொள்வர். பிறகு ஓர் இரவு புயல் வருகிறது. புயலோடு வேறு எதுவோ வருகிறது. காலையில் வீடுகள் நசுங்கிக் கிடக்கின்றன. ஆடுமாடுகள் இறந்து கிடக்கின்றன. தீவு மக்கள் தலைநகருக்குச் சென்று, அதிகாரிகளின் முன் நின்று, இழந்ததை எண்ணி எண்ணிச் சொல்கிறார்கள்.

2018 நவம்பர் 16ஆம் நாள் விடியலுக்கு முன் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறி, ஆலங்குடி வட்டாரத்தின் வழியாக மேற்கே சென்றது. தென்னையும் பலாவும் ஒரே இரவில் படுத்தன. கீரமங்கலம், வடகாடு, நெடுவாசல் பக்கங்களில் ஒரு தலைமுறை வளர்த்த தோப்புகள் காலையில் வெட்டவெளியாயின. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரமில்லை. அந்த நாள்களில் ஒளிப்படக் கருவியோடு வந்த செய்தியாளர்கள் சாய்ந்த மரங்களின் முன் நின்று பேசினார்கள். அவர்கள் சொன்னதில் பொய்யொன்றுமில்லை. எனினும் மரத்துக்குரியவர் அவர்களின் தோளுக்குப் பின்னால் மங்கலாக நின்றதை நான் பார்த்தேன். ஓராண்டு கழித்து இந்தத் தகட்டைப் போட்டு, ஓடோ தீவின் கிழவர் தம் வாயால் தம் இழப்பைச் சொல்வதையும், அடுத்த பதிப்பில் அவர் பேசப்பேச ரேமண்ட் பரின் குரல் எழுவதையும் மாறிமாறிக் கண்டபோதுதான், வெட்டுதல் என்றால் என்னவென்று எனக்கு விளங்கியது. நீக்குவது மட்டும் வெட்டு அன்று. மேலே பேசுவதும் வெட்டுதான்.

வெளியிலிருந்து வரும் கண் எல்லாமே இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. இறந்த தம்பியை முதுகில் கட்டிக்கொண்டு, தகனத்துக்காக வரிசையில் விறைத்து நிற்கும் நாகசாகிச் சிறுவனின் நிழற்படத்தை மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2017 இறுதியில் அட்டையாக அச்சிட்டு வழங்கினார் அல்லவா? அதை எடுத்தவர் ஜோ ஓ'டோனல் என்ற அமெரிக்கப் படைவீரர். அவர் அந்தப் படத்தில் எங்கும் இல்லை. சிறுவன் மட்டுமே இருக்கிறான்.

படத்தின் நெஞ்சுக்கு இப்போது வருகிறேன். இளம் அறிவியலாளர் செரிசாவா தம் ஆய்வின் வழியில், நீரிலுள்ள உயிர்வளியை அழித்து உயிர்களையெல்லாம் எலும்பும் எஞ்சாமல் கரைக்கும் ஒரு பொருளைக் கண்டுபிடித்துவிடுகிறார். அது ஒன்றே கொஜிராவைக் கொல்ல வல்லது. அவர் தர மறுக்கிறார். ஒருமுறை பயன்படுத்திவிட்டால் உலகின் ஆட்சியாளர்கள் அதை அடுத்த ஆயுதமாக்காமல் விடமாட்டார்கள் என்பது அவர் வாதம். குறிப்புகளை எரிக்கலாம், தம் தலைக்குள் இருப்பதை எரிக்க முடியாதே என்கிறார். இந்த வாதத்துக்கு மறுமொழி சொல்ல அங்கே எவராலும் முடியவில்லை.

அவர் மனத்தை மாற்றுவது வாதம் அன்று. அறையின் மூலையிலிருக்கும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. ஜப்பானில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியதே 1953 பெப்ருவரியில்தான். அந்தப் புதுப்பெட்டியில், எரிந்த நகரமும், மருத்துவமனைத் தரையில் கிடத்தப்பட்ட மக்களும், அமைதி வேண்டிப் பாடும் பள்ளி மாணவியரும் தெரிகிறார்கள். செரிசாவா பார்க்கிறார். எழுந்து தம் குறிப்புகளை எரிக்கத் தொடங்குகிறார். வீட்டில் சிறுதிரையின் முன் அமர்ந்து இந்தக் காட்சியைக் காண்பவர் ஒருகணம் தம்மையே காண்பார். பெரிய அரங்கில் பார்த்தவர்களுக்கு இந்த அனுபவம் கிட்டியிருக்காது. தகட்டுப் பதிப்புக்கென்றே வாய்த்த பேறு இது.

பிறகு அவர் முக்குளிப்பு உடையணிந்து ஒகாட்டாவோடு கடலடிக்குச் செல்கிறார். ஒகாட்டாவை மேலே அனுப்பிவிட்டு, தம் கயிற்றைத் தாமே அறுத்துக்கொள்கிறார். விலங்கோடு அறிவும் மடிகிறது. இதை நாம் எப்படி ஏற்பது? நண்பருக்காக உயிரைத் தருவதைவிடப் பெரிய அன்பில்லை என்று கற்றவர்கள் நாம். தன்னுயிரை மாய்த்துக்கொள்ளும் உரிமை நமக்கில்லை என்றும் கற்றவர்கள். நாகசாகியிலேயே 1930 முதல் 1936 வரை துறவற இல்லம் அமைத்து வாழ்ந்த புனித மாக்சிமிலியன் கோல்பே, ஆஷ்விட்ஸ் முகாமில் ஒரு குடும்பத் தலைவருக்குப் பதிலாகத் தம்மைக் கொடுத்து 1941 ஆகஸ்ட் 14 அன்று இறந்தார். அவரைக் கொன்றது பிறர் கை. செரிசாவாவின் கயிற்றை அறுத்தது அவர் கை. வேறுபாடு சிறியதன்று. அறநெறி நூலின்படி அவர் செய்தது தவறென்றே நான் தீர்ப்பளிக்க வேண்டும். ஆனால் படத்தைப் பார்த்து முடித்த இரவில் என்னால் அப்படித் தீர்ப்பளிக்க முடியவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். முழு நகரங்களைக் கண்மூடித்தனமாக அழிக்கும் போர்ச்செயல் கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றமென்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கண்டித்தது. அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவது மட்டுமன்றி, வைத்திருப்பதே அறநெறிக்கு மாறானதென்று திருத்தந்தை பிரான்சிஸ் 2019 நவம்பர் 24 அன்று ஹிரோஷிமாவில் உரைத்தார். 'வைத்திருத்தல்' என்ற சொல்லைக் கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் செரிசாவா. அவர் வைத்திருந்தது ஆயுதக்கிடங்கில் அன்று; மூளைக்குள்.

இவ்வளவு புகழ்ந்தபின், தமிழனாக எனக்கொரு மனக்குறை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் வெட்டியவனாவேன்.

செரிசாவா போரில் ஒரு கண்ணை இழந்தவர். எந்தப் போர், யாரை எதிர்த்து, எங்கே என்று படம் பேசுவதில்லை. டோக்கியோ எரிகிறது, ஒரு லட்சம் பேர் மாண்ட 1945 மார்ச் 10 வான்தாக்குதலின் நினைவு சட்டகத்துக்குச் சட்டகம் எரிகிறது. ஆனால் ஜப்பான் எரித்தவை? 1942, 1943 ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளரை ஆசைகாட்டியும் மிரட்டியும் ஏற்றிச்சென்றார்கள். காலராவிலும் பசியிலும் அடியிலும் பல்லாயிரவர் அங்கேயே மண்ணாயினர். நம் மாவட்டங்களிலிருந்து கப்பலேறியவர்களும் அவர்தம் மக்களுமே அவர்கள். அவர்களுக்கென்று பெயர்ப்பலகைகூட நெடுங்காலம் இல்லை. கைதிகளான வெள்ளைப் படைவீரர்களைப் பற்றித் திரைப்படங்கள் வந்தன. நம்மவர் அவற்றிலும் பின்னணியில்தான்.

நகாயின் நூலோடு சேர்க்கப்பட்ட மணிலாப் பின்னிணைப்பைப் பற்றி மேலே கசப்போடு எழுதினேன். அதைச் சேர்த்தவர்களின் நோக்கம் தூயதன்று. ஆயினும் அதில் சொல்லப்பட்ட பிணங்கள் உண்மையான பிணங்கள். 'கொஜிரா'வின் வெட்டப்படாத பதிப்பும் ஏற்கெனவே ஓரிடத்தில் வெட்டுண்டதுதான். அந்த வெட்டு ஹோண்டாவின் கத்தரிக்கோலால் நேர்ந்ததா, அல்லது அழுதுகொண்டிருப்பவனுக்குத் தன் கண்ணீர் மட்டுமே தெரியும் என்ற இயல்பால் நேர்ந்ததா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. படத்தை அதற்காகத் தள்ளிவிடவும் மாட்டேன்.

பின்வந்த காட்ஸில்லாப் படங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. விலங்கு குழந்தைகளின் தோழனாயிற்று, மற்ற விலங்குகளோடு மல்யுத்தம் செய்தது. 1966இல் பம்பாயில் 'கோகோலா' என்ற பெயரில் இந்தியிலும் ஒன்று எடுத்தார்கள். 1998இல் அமெரிக்கர்களே புதிதாக எடுத்தபோது, அதில் விலங்கைப் பிறப்பித்த பழி பிரான்சின் அணுச்சோதனைக்குப் போயிற்று. கத்தரிக்கோல் இன்னும் கூராகவே இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். 2023இல் ஜப்பானில் வந்த 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' மட்டும் மூலத்தின் துக்கத்துக்குத் திரும்பியது. 2024 மார்ச்சில் அதற்குச் சிறப்புக்காட்சிகளுக்கான ஆஸ்கர் கிடைத்த அதே மேடையில், குண்டைச் செய்தவரைப் பற்றிய 'ஓப்பன்ஹைமர்' சிறந்த படமாயிற்று.

தகடு வந்த சில வாரங்களுக்குள், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய ஒரு மாலையில், அதனைப் பங்கு மன்றத்தில் திரையிட்டோம். நாற்பது பேர் இருப்பார்கள். தகட்டில் ஆங்கில எழுத்துகள் மட்டுமே ஓடுவதால், நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதிப் படத்தில்தான் உறைத்தது: புகைக்குழாய் ஒன்றுதான் என் கையில் குறை. மொழி தெரியாத மக்களுக்கு உதவுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, திரையிலிருப்பவர்களின் மேல் நானும் பேசிக்கொண்டிருந்தேன்.

அந்தக் காட்சி வந்தது. எரியும் தெருவில், ஒரு கட்டடத்தின் அடியில், ஒரு தாய் தன் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு ஒடுங்கி அமர்ந்திருக்கிறாள். ஓடவில்லை. பிள்ளைகளிடம் ஏதோ சொல்கிறாள். நான் பேசுவதை நிறுத்தினேன்.

முன்வரிசையில், கஜாவில் வீடிழந்த ஒரு மூதாட்டி இருந்தார். எழுத்தறியாதவர். பக்கத்திலிருந்தவர், "என்ன சொல்றா?" என்று கேட்க, அவர் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: "இந்தா, அப்பாக்கிட்டப் போயிரலாம்யாங்கிறா."

திரையின் அடியில் ஆங்கிலத்தில் ஓடியதும் அதுவே.